போர்த்துகீசியம் பேசும் முதியோரின் வாழ்க்கைத் திருப்தியை அளப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். லிஸ்பனிலிருந்து ஓர் ஆய்வறிக்கை, பிரேசிலின் ரெசீஃபி நகரிலிருந்து இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எழுபதைத் தாண்டியவர்களைப் பற்றியவை. உளவியலாளர் எட் டீனரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட ஐந்து வரி 'வாழ்க்கைத் திருப்தி அளவுகோல்'தான் இரண்டுக்கும் அடிப்படை. இரண்டிலும் ஒரு முதியவர் 24 மதிப்பெண் பெற்றிருக்கிறார். இருவரும் ஒரே அளவு திருப்தியுடன் இருக்கிறார்களா?

ரெசீஃபி ஆய்வில் ஒவ்வொரு வரியோடும் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதற்கு 1 முதல் 7 வரை விடை. மொத்தம் 5 முதல் 35. அங்கே 24 என்றால் நடுப்புள்ளியான 20-ஐச் சற்றே தாண்டிய நிலை. லிஸ்பன் ஆய்வு போர்ச்சுகலின் கொயிம்ப்ராவைச் சேர்ந்த அன்டோனியோ சிமோயிஸ் 1992-இல் வெளியிட்ட வடிவத்தை எடுத்திருக்கிறது. அதில் விடைக்கு ஐந்தே படிகள். மொத்தம் 5 முதல் 25. அங்கே 24 கிட்டத்தட்ட உச்சம். நூற்றுக்கு மாற்றிப் பார்த்தால் முன்னவர் 63, பின்னவர் 95. அளவுகோலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வடிவத்தைச் சொல்லாமல் விட்ட அறிக்கைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

இந்தத் துறையில் பெரும்பாலான தவறுகள் கேள்வித்தாளில் இல்லை என்பது என் கருத்து. எந்த வடிவம், யார் வாசித்தார், அறையில் யார் இருந்தார், யார் அந்த அறைக்கே வரவில்லை என்பவற்றில்தான் தவறு புகுகிறது. அதனால் இந்த வழிகாட்டி புள்ளியியலைவிட அவற்றுக்கே அதிக இடம் தருகிறது.

1. யாரை அளக்கப்போகிறீர்கள்?

'போர்த்துகீசியம் பேசும் முதியோர்' என்று ஒரு கூட்டம் எங்கும் இல்லை. போர்ச்சுகலின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 23.4 சதவீதம். பிரேசிலில் 2022 கணக்கெடுப்பின்படி அதே வயதினர் 10.9 சதவீதம்தான், ஆனால் அங்கே 2003-ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் 60 வயதிலேயே ஒருவரை முதியவராக ஏற்கிறது. போர்ச்சுகலில் ஆய்வுகள் வழக்கமாக 65-இல் தொடங்குகின்றன. இரண்டு நாடுகளையும் ஒப்பிடுவதென்றால் வயது எல்லையை முதலிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். பிரேசில் மாதிரியில் இன்னும் வேலைக்குப் போகும் 61 வயதுக்காரர்களும், போர்ச்சுகல் மாதிரியில் ஓய்வூதியதாரர்களும் இருந்தால் நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டையா வயது வேறுபாட்டையா அளந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ், கேப் வெர்டே நாடுகளில் போர்த்துகீசியம் ஆட்சிமொழி. ஆனால் ஒரு கிராமத்து மூதாட்டி வாழ்க்கையைப் பற்றி யோசிப்பது உம்புண்டுவிலோ மக்குவாவிலோ கேப் வெர்டே கிரியோலிலோ இருக்கலாம். அவரிடம் போர்த்துகீசியக் கேள்வித்தாளை நீட்டினால் திருப்தியோடு சேர்த்து மொழியறிவையும் அளந்துவிடுவீர்கள். புலம்பெயர்ந்தோர் தனி உலகம்: பாரிஸ், லக்ஸம்பர்க், டொராண்டோ, நியூவார்க், நியூ பெட்ஃபோர்ட் என்று போர்த்துகீசிய முதியோர் பரவிக்கிடக்கிறார்கள். தங்கள் வாழ்க்கையை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதே அவர்களிடம் மாறுகிறது. ஊரில் தங்கிவிட்ட தம்பியோடா, பக்கத்து வீட்டுக் கனடியரோடா?

புதிதாகத் தரவு திரட்ட இறங்குவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். ஐரோப்பாவில் 50 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து பின்தொடரும் 'ஷேர்' ஆய்வில் போர்ச்சுகல் நான்காம் சுற்றில் சேர்ந்தது. அதில் 0 முதல் 10 வரையிலான வாழ்க்கைத் திருப்திக் கேள்வி இருக்கிறது. பிரேசிலில் 'எல்சி-பிரேசில்' என்ற நீள்கால ஆய்வு 2015-16-இல் 70 நகராட்சிகளில் 9,412 பேருடன் தொடங்கியது. அதுவும் 50 வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. நாற்பது பேரிடம் வாரக்கணக்கில் பேட்டி எடுத்துக் கிடைக்கும் விடையைவிட இவற்றில் நல்ல விடை இருக்கலாம். பதிவு செய்து தரவைப் பெறுவதில் சோம்பல்பட்டு, சிறிய மாதிரியோடு தாமே களத்தில் இறங்குவது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் வழக்கம்.

2. எதை அளக்கப்போகிறீர்கள்?

வாழ்க்கைத் திருப்தி என்பது ஒருவர் தன் வாழ்க்கை முழுவதையும் எடைபோட்டுச் சொல்லும் தீர்ப்பு. இன்றைய மனநிலை வேறு, மனச்சோர்வு வேறு, வாழ்க்கைத் தரம் வேறு. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாதவரின் வாழ்க்கைத் தர மதிப்பெண் சரியும். ஆனால் 'என் வாழ்க்கை நன்றாகத்தான் போயிற்று' என்று அவர் மனதாரச் சொல்லலாம். முதுமையில் இந்த இடைவெளி அகன்றுவிடுவதால்தான் முதியோரிடம் இதைத் தனியாக அளக்க வேண்டியிருக்கிறது.

கையில் உள்ள கருவிகள் இவை. டீனரின் ஐந்து வரி அளவுகோல் சிறியது, இலவசமானது, முதியோரிடம் போர்த்துகீசிய வடிவம் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. முதல் தேர்வு இதுவே. நியூகார்ட்டன், ஹாவிகர்ஸ்ட், டோபின் ஆகியோர் 1961-இல் உருவாக்கிய 'வாழ்க்கைத் திருப்திக் குறியீடு' முதியோருக்காகவே எழுதப்பட்டது, இருபது வாக்கியங்கள். அதை 1969-இல் 13 வாக்கியங்களாகச் சுருக்கினார்கள். உற்சாகம், மனநிலை, தன்மதிப்பு எல்லாவற்றையும் அது ஒரே கூடையில் போட்டுவிடுகிறது என்பது என் குறை. மனச்சோர்வு அளவுகோலோடு அதை ஒப்பிட்டால் தொடர்பு வலுவாக வரத்தான் செய்யும். பாதி ஒரே கேள்விதானே!

ஒற்றைக் கேள்வியும் உண்டு: 'மொத்தத்தில் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள், 0 முதல் 10 வரை?' பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதையே முதன்மைக் கேள்வியாகப் பரிந்துரைக்கின்றன. காஸ்ப்-19, உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் வாழ்க்கைத் தர வினாப்பட்டியல் ஆகியவை வாழ்க்கைத் தரத்துக்கானவை. அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல.

என் பரிந்துரை: ஐந்து வரி அளவுகோலும் ஒற்றைக் கேள்வியும் சேர்ந்து. ஆறே கேள்விகள்.

3. சரியான வடிவத்தைத் தேடுங்கள்

போர்ச்சுகலில் இந்த அளவுகோல் 1990-இல் நெட்டோ, பாரோஸ், பாரோஸ் ஆகியோர் வழியாகவும், 1992-இல் சிமோயிஸ் வழியாகவும் வந்தது. பிரேசிலில் கோவெயாவும் அவருடைய குழுவினரும் சோதித்த வடிவம் பரவலாக இருக்கிறது. எந்த வடிவம் என்பதோடு எத்தனை படிகள் என்பதையும் பாருங்கள். இணையத்தில் கிடைத்த கோப்பை அப்படியே அச்சிட்டுப் பயன்படுத்துவது பெரிய ஆபத்து. பிரேசில் நடையில் எழுதியதைப் போர்த்தோ நகரத்துப் பாட்டியிடம் வாசித்தால் அவருக்குப் புரியும். ஆனால் தொலைக்காட்சித் தொடரில் வரும் பிரேசில் பேச்சைக் கேட்பதுபோல அந்நியமாகவும் இருக்கும்.

எழுத்துக்கூட்டலில்கூட ஒரு வேடிக்கை உண்டு. 1990-ஆம் ஆண்டின் எழுத்துக்கூட்டல் உடன்படிக்கைக்குப் பிறகு, அளவுகோலின் சில வடிவங்களில் முதல் வரியில் வரும் 'அம்சங்கள்' என்ற பொருள் தரும் சொல்லில் போர்ச்சுகல் ஓர் எழுத்தை நீக்கிவிட்டது, பிரேசில் வைத்துக்கொண்டது. பழைய எழுத்துக்கூட்டலில் படித்த எண்பது வயதுக்காரருக்குப் புதியது அச்சுப்பிழைபோலத் தெரியலாம். வாசித்துக் காட்டும் பேட்டியில் இது சிக்கல் இல்லை; தாளைக் கையில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

விளிப்பு இதைவிட முக்கியமானது. பிரேசிலில் சாதாரணமாகப் புழங்கும் 'வொசே' போர்ச்சுகலில் முதியவர் ஒருவரிடம் மரியாதைக் குறைவாக ஒலிக்கக்கூடும். இரு நாடுகளிலும் ஆண்களிடம் 'உ செஞோர்', பெண்களிடம் 'அ செஞோரா' என்பதே பாதுகாப்பு. பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பதென்றால் 'தோனா' சேர்த்துச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லங்களில் ஊழியர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல ஒருமையில் கொஞ்சிப் பேசுவதைக் கேட்டுவிட்டு நீங்களும் அதைப் பின்பற்றாதீர்கள். தன்னைக் குழந்தையாக நடத்துகிறவரிடம் யாரும் தன் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை; 'எல்லாம் நல்லபடி' என்று முடித்துவிடுவார்கள்.

புதிய ஊருக்கோ புதிய மொழிக்கோ வடிவத்தைக் கொண்டுபோவதென்றால், இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும், மூன்றாமவர் மூலமொழிக்குத் திருப்ப வேண்டும், பிறகு குழு கூடி ஒப்பிட வேண்டும். அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. எட்டுப் பத்து முதியவர்களிடம் ஒவ்வொரு வரியையும் வாசித்து, 'இதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். முதல் வரி 'என் வாழ்க்கை என் இலட்சியத்துக்கு நெருக்கமாக இருக்கிறது' என்ற பொருளுடையது. 'இலட்சியமா? எனக்கு எங்கே அதற்கெல்லாம் நேரம் இருந்தது?' என்ற வகை விடை வந்தால் அந்த வரி அங்கே சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். அதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் பகுப்பாய்வோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அதிகம்.

4. அனுமதி

பிரேசிலில் மனிதர்களை ஆராய்வதென்றால் 'பிளாட்டஃபோர்மா பிரேசில்' என்ற இணையதளம் வழியாக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். போர்ச்சுகலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும் குறுக்கே வரும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சாட்சியுடன் வாய்மொழிச் சம்மதமோ கைரேகையோ பெறும் வழியை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அளவுகோலை உருவாக்கியவர்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும், கட்டணம் இல்லை.

5. மாதிரி: அறைக்கு வராதவர்கள்

எளிதில் கிடைக்கும் முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? போர்ச்சுகலில் பகல்நேர மையங்களிலும் முதியோர் பல்கலைக்கழகங்களிலும். பிரேசிலில் நட்பு மையங்களிலும் 'செஸ்க்' என்ற சமூக சேவை அமைப்பின் நிகழ்ச்சிகளிலும். அங்கே வருகிறவர் நடக்க முடிந்தவர், பேச விரும்புகிறவர், பெரும்பாலும் பெண். அவர்களிடம் மட்டும் அளந்துவிட்டு 'போர்த்துகீசிய முதியோர் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று எழுதுவது கல்யாண வீட்டு வாசலில் நின்று ஊர்ப் பசியை அளப்பது போன்றது. உள்நாட்டு மலைக்கிராமத்தில் தனியாக வாழும் கிழவரும், படுத்த படுக்கையாக இருப்பவரும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

பிரேசிலில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குடும்ப சுகாதாரத் திட்டத்தின் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் செல்பவர்கள். அவர்களிடம் பகுதிவாரிப் பட்டியல் இருக்கும். அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பேட்டியை அந்தப் பணியாளரே எடுக்கக் கூடாது. மருந்து கொண்டுவருகிறவரிடம் யார் குறை சொல்வார்கள்?

எத்தனை பேர் வேண்டும்? திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) சுமார் 6 என்று கொண்டால், சராசரியை ஒரு மதிப்பெண் துல்லியத்தில் சொல்ல 138 பேர் வேண்டும். அரை மதிப்பெண் துல்லியத்துக்கு 553 பேர். மையங்களிலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்தால் இது போதாது, ஏனென்றால் ஒரே மையத்தில் உள்ளவர்கள் ஒருவரைப்போல ஒருவர் இருப்பார்கள். மையத்துக்குப் பத்துப் பேர், உட்தொடர்பு 0.05 என்றால் 1.45-ஆல் பெருக்குங்கள், 138 என்பது 200 ஆகிவிடும். ஆண்-பெண், நாடு-நாடு ஒப்பீடு வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது இருநூறு பேர் இல்லாமல் நான் தொடங்க மாட்டேன்.

6. நினைவாற்றல் வடிகட்டல்

கேள்வியைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, தன் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாதவரிடம் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஆகவே 'எம்.எம்.எஸ்.இ.' என்ற சிறு நினைவாற்றல், அறிவாற்றல் சோதனை தேவை. ஆனால் வெட்டுப்புள்ளி படிப்பைப் பொறுத்தது. போர்ச்சுகலில் 1994-இல் வந்த நெறியின்படி 30-க்கு, எழுத்தறிவு இல்லாதவருக்கு 15, பதினோராண்டு வரை படித்தவருக்கு 22, அதற்கு மேல் படித்தவருக்கு 27. அந்த எண்ணோ அதற்குக் கீழோ பெற்றால் குறைபாடு என்று கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்தால் படிக்காத கிராமத்துப் பெண்களைத்தான் கூட்டமாக வெளியேற்றுவீர்கள்.

போர்ச்சுகலில் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியின் பெரும்பகுதியில் கட்டாயக் கல்வி மூன்றே ஆண்டுகள். ஆண்களுக்கு நான்காம் வகுப்பு 1956-இல் கட்டாயமாயிற்று. பெண்களுக்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1945-இல் பிறந்த ஒரு பெண் மூன்றாம் வகுப்போடு வயலுக்குப் போனது அன்றைய சட்டப்படி சரிதான். பிரேசிலின் 2022 கணக்கெடுப்பில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் எழுத்தறிவு இல்லாதவர்கள் 20.3 சதவீதம். தாளைக் கொடுத்து 'நீங்களே நிரப்புங்கள்' என்று சொல்லும் ஆய்வு, தொடங்கும்போதே ஐந்தில் ஒருவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

7. பேட்டி

வாழ்க்கைத் திருப்திக் கேள்விகளை முதலில் கேளுங்கள். நோய், மருந்து, வருமானம், துணையை இழந்தது பற்றியெல்லாம் கேட்டுவிட்டு 'மொத்தத்தில் வாழ்க்கை எப்படி?' என்றால், இப்போதுதான் எண்ணிக் காட்டிய துயரங்களையே அவர் கூட்டிச் சொல்வார். வயது, ஊர் போன்ற இரண்டு இளக்கமான கேள்விகள், பிறகு ஒற்றைக் கேள்வி, அதன் பிறகு ஐந்து வரிகள், கடைசியில் உடல்நலம். இந்த வரிசையை எல்லோரிடமும் ஒன்றாக வையுங்கள்.

நீங்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் சிலர் குறையை மிகைப்படுத்துவார்கள். இல்லத்தின் நிர்வாகம் அனுப்பியது என்று நினைத்தால் புகழ்ந்து தள்ளுவார்கள். பிரேசிலில் வருமானம் குறைந்த 65 வயதினருக்கு அரசு தரும் குறைந்தபட்சச் சம்பள அளவு உதவித்தொகையை நம்பி வாழ்பவரிடம் 'இந்த விடையால் உங்கள் தொகை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது' என்று வாய்விட்டே சொல்லிவிடுவது நல்லது.

மகளோ மருமகளோ பக்கத்தில் அமர்ந்திருந்தால் என்ன செய்வது? அனுப்பிவிட முடிந்தால் அனுப்புங்கள். தோட்டத்தில் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். முடியாவிட்டால் 'மூன்றாம் நபர் இருந்தார்' என்று படிவத்தில் குறியுங்கள். பிறகு அந்தப் பேட்டிகளைத் தனியே எடுத்துச் சராசரியைப் பாருங்கள். மகள் குறுக்கிட்டு 'அம்மாவுக்கு என்ன குறை?' என்று சொன்ன பிறகு வரும் விடை மகளுடையதுதான்.

ஏழு படிகளை வாயால் சொல்லிக் கேட்க முடியாது. இரண்டு கட்டமாகக் கேளுங்கள். 'இந்த வாக்கியத்தோடு ஒத்துப்போகிறீர்களா, மறுக்கிறீர்களா, இரண்டும் இல்லையா?' ஒத்துப்போகிறேன் என்றால், 'கொஞ்சமா, ஓரளவா, முழுமையாகவா?' இரண்டு கேள்வியிலும் ஒரு படி துல்லியமாகக் கிடைத்துவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையையும் முன்னே வையுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று கேட்கவும் மறக்காதீர்கள். எழுத்தறிவு இல்லாதவருக்கு ஏணிப் படம் நன்றாக உதவும்: உச்சிப் படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹேட்லி கேன்ட்ரில் 1965-இல் அறிமுகப்படுத்திய முறை இது.

பத்துக்கு மதிப்பெண் என்பதற்குள்ளும் பள்ளிக்கூட நினைவு ஒளிந்திருக்கிறது. பிரேசில் பள்ளிகளில் மதிப்பெண் பத்துக்கு. 'நோட்டா தெஸ்' என்றால் அங்கே தெருவில் போகிறவருக்கும் உச்சம் என்று தெரியும். போர்ச்சுகலில் உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் இருபதுக்குத்தான் போடுகின்றன. பத்து என்பது வெறும் தேர்ச்சி. படித்த போர்த்துகீசியர் ஒருவர் 0-10 அட்டையைப் பார்த்து 6 சொல்வதும் பிரேசில்காரர் 6 சொல்வதும் ஒன்றல்ல என்று சந்தேகப்படலாம். அட்டையின் இரு முனைகளையும் சொற்களால் விளக்குவதே அதற்கு மருந்து.

போர்ச்சுகலில் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் அடிக்கடி வரும் விடை 'வாய்-ஸெ அந்தாந்து'. ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரேசிலில் 'கடவுள் புண்ணியத்தில்' என்று தொடங்குவார்கள். இரண்டுமே மரியாதைப் பேச்சு, விடை அல்ல. பேட்டியாளர் தானாகவே 4 என்றோ 6 என்றோ குறித்துவிடுவதுதான் இங்கே நடக்கும் திருட்டு. வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள், அட்டையைக் காட்டுங்கள், காத்திருங்கள். கதை சொல்லத் தொடங்கினால் கேளுங்கள். முடிந்ததும் 'அப்படியென்றால் இந்த அட்டையில் எங்கே வைப்பீர்கள்?' என்று கேளுங்கள். 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் மகளே' என்பார்கள். போடக் கூடாது. மூன்று முறை கேட்டும் விடை வரவில்லை என்றால் 'விடை இல்லை' என்றே எழுதுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் படிவத்தை மூடிவிடுங்கள். யாரை அழைப்பது என்பதை களத்துக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்: அவருடைய மருத்துவர், மையத்தின் சமூகப் பணியாளர், பிரேசிலில் உணர்வு ஆதரவுக்கான 188 என்ற எண், போர்ச்சுகலில் அரசின் 'எஸ்.என்.எஸ். 24' தொலைபேசி.

8. கூட்டல்

ஏழு படி வடிவத்தில் 31-35 மிக அதிகத் திருப்தி, 26-30 திருப்தி, 21-25 ஓரளவு திருப்தி, 20 நடுநிலை, 15-19 ஓரளவு அதிருப்தி, 10-14 அதிருப்தி, 5-9 மிக அதிக அதிருப்தி. இந்த வரம்புகளை ஐந்து படி வடிவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வரிக்கு மட்டும் விடை இல்லையென்றால் அவருடைய மற்ற நான்கின் சராசரியை இட்டு நிரப்பலாம். இரண்டு விடுபட்டால் மொத்தம் போடாதீர்கள்.

ஐந்து வரிகளும் ஒரே திசையில் எழுதப்பட்டவை, எல்லாம் நேர்மறை. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையசைக்கும் பழக்கமுள்ளவர் 35 வாங்கிவிடுவார். அளவுகோலால் அவரைப் பிடிக்க முடியாது. ஒரு வரியை எதிர்மறையாக மாற்றி எழுதும் யோசனை வரும். வேண்டாம், இரட்டை மறுப்பில் முதியோர் தடுமாறுவார்கள். ஐந்துக்கும் ஒரே விடை தந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எழுத்தறிவு இல்லாதவர் எத்தனை என்று பட்டியல் எடுத்து அறிக்கையில் வெளியிடுங்கள்.

9. அளவுகோலையே சோதிப்பது

நம்பகத்தன்மைக்கு, வரிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒமேகா, ஆல்ஃபா குறியீடுகளைக் கணக்கிடுங்கள். ஆல்ஃபா 0.85, திட்ட விலக்கம் 6 என்று கொண்டால் ஒருவருடைய மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை 2.3. அதே ஆளை ஆறு மாதம் கழித்து அளந்து 4 மதிப்பெண் கூடியிருந்தால் மகிழ்ச்சியில் குதிக்க வேண்டாம். இரண்டு அளவீட்டின் வேறுபாடு 6-ஐத் தாண்டினால்தான் தனிமனிதரிடம் மாற்றம் என்று சொல்லத் துணியலாம். குழுவின் சராசரிக்கு இந்தக் கண்டிப்பு இல்லை.

அடுத்து, ஐந்து வரிகளும் ஒரே விஷயத்தைத்தான் (ஒரே காரணியை) அளக்கின்றனவா என்று பார்க்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு. 'ஆர்' மென்பொருளின் 'லவான்' தொகுப்பு போதும். நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு 'ஜாஸ்ப்'. விடைகள் தரவரிசை வகை என்பதை மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள். ஐந்து வரிக்குச் சுதந்திர அளவைகள் ஐந்தே என்பதால், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. என்ற பொருத்தக் குறியீடு காரணமின்றி மோசமாகத் தெரியக்கூடும். அதை மட்டும் பார்த்து அளவுகோலைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு உயிர்நாடி அளவீட்டு மாறாமை, அதாவது அளவுகோல் எல்லாக் குழுக்களிலும் ஒரே விதமாக அளப்பது. காரணி அமைப்பு ஒன்றா, சுமைகள் (ஒவ்வொரு வரியும் காரணியோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது) ஒன்றா, வெட்டுத்துண்டுகள் (ஒவ்வொரு வரியின் தொடக்க அளவு) ஒன்றா என்று படிப்படியாகக் கட்டுப்பாட்டைக் கூட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் சி.எஃப்.ஐ. என்ற பொருத்தக் குறியீடு 0.01-க்கு மேல் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டுத்துண்டும் ஒன்றாக இருந்தால்தான் சராசரிகளை ஒப்பிடலாம். அங்கோலாவில் பாலினம், வயது அடிப்படையில் இதைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதுபோல உங்கள் மாதிரியிலும் செய்யாமல் லிஸ்பனையும் லுவாண்டாவையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்தாதீர்கள்.

10. ஐந்தாம் வரியும் வரலாறும்

தகராறு பெரும்பாலும் வரும் இடம் கடைசி வரி: மறுபடி வாழ வாய்த்தாலும் கிட்டத்தட்ட எதையும் மாற்ற மாட்டேன் என்ற பொருளுடையது. மற்ற வரிகளோடு இதன் பிணைப்பு பல நாடுகளிலும் தளர்வாகவே இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வரிகள் கடந்த காலத்தைப் பற்றியவை. மற்றவை இன்றைய நிலையைப் பற்றியவை.

இந்த முதியவர்களின் கடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1961 முதல் 1974 வரை அங்கோலாவிலும் கினியிலும் மொசாம்பிக்கிலும் போருக்கு அனுப்பப்பட்ட போர்த்துகீசிய இளைஞர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். போரிலிருந்து தப்பவும் வறுமையிலிருந்து தப்பவும் அறுபதுகளில் மலைப்பாதை வழியே கள்ளத்தனமாகப் பிரான்ஸுக்குப் போனவர்கள் உண்டு. அவர்களுடைய மனைவியரை ஊர் 'உயிரோடிருப்பவர்களின் விதவைகள்' என்றது. 1974-75-இல் ஆப்பிரிக்காவில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்து இறங்கியவர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில். பிரேசிலில் வடகிழக்கின் வறட்சியிலிருந்து சாவோ பாவ்லோவுக்குக் குடிபெயர்ந்த தலைமுறை. அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர்.

இவர்களில் ஒருவர் 'இப்போது நன்றாக இருக்கிறேன்' என்று முதல் மூன்று வரிக்கும் 6 கொடுத்துவிட்டு, ஐந்தாவதற்கு 2 கொடுத்தால் அது முரண்பாடு அல்ல, துல்லியமான விடை. மொத்தத்தை மட்டும் வெளியிட்டால் அது கரைந்துவிடும். ஆகவே ஐந்து வரிகளின் சராசரியையும் தனித்தனியே வெளியிடுங்கள். ஐந்தாம் வரிக்குக் குறைந்த விடை தந்தவர்களிடம் 'எதை மாற்றுவீர்கள்?' என்று ஒரு திறந்த கேள்வியும் கேட்டு, விடையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போயிருப்பேன் என்று சொல்கிறவருக்கும் அந்தக் கப்பலில் ஏறியிருக்க மாட்டேன் என்று சொல்கிறவருக்கும் எண் ஒன்றாகவே இருக்கும்.

11. அறிக்கையில் விடக் கூடாதவை

எந்த வடிவம், எந்த ஆண்டு, எத்தனை படிகள், வாசித்துக் கேட்டதா, தாளில் நிரப்பியதா, பேட்டியாளர் யார், மூன்றாம் நபர் இருந்த பேட்டிகள் எத்தனை சதவீதம், மறுத்தவர்கள், வடிகட்டலில் வெளியேறியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டு படித்தவர்கள், பேட்டி எடுத்த மாதம். கடைசியாக, பயன்படுத்திய போர்த்துகீசிய வாக்கியங்கள் ஐந்தையும் பின்னிணைப்பில் அப்படியே அச்சிடுங்கள்; அடுத்து வருகிறவர் உங்கள் 24 எந்த 24 என்று தேட வேண்டியிருக்காது.